கேளாத் திசை: மத்திய அலை நாட்குறிப்பு

நவம்பர் 3

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு டெக்சன் பி.எல். 380 என்ற கையடக்க ரேடியோவை ஜன்னல் திண்டில் வைத்து, மத்திய அலையில் (மீடியம் வேவ்) 531 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 1602 வரை ஒன்பது ஒன்பதாக நகர்த்திக்கொண்டே போனேன். ஏழு நிலையங்கள் மட்டுமே கிடைத்தன. இருட்டிய பிறகு அதே இடத்தில், அதே பெட்டியில், முப்பத்தொன்று கிடைத்தன. பகல் முழுவதும் மத்திய அலையை விழுங்கிக்கொண்டிருக்கும் டி அடுக்கு, அதாவது வளிமண்டலத்தில் தரையிலிருந்து சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள பகுதி, சூரிய ஒளி நின்றதும் வலுவிழந்துவிடுகிறது. தடை நீங்கிய அலை அதற்கும் மேலுள்ள அடுக்குகளில் பட்டு வெகுதூரத்தில் தரையிறங்குகிறது. 1924-இல் எட்வர்ட் ஆப்பிள்டன் பி.பி.சி.யின் அலைகளைக் கொண்டே அந்த மேலடுக்கின் உயரத்தைக் கணித்தார். உள்ளங்கையளவு பெட்டியில் ஒலிக்கும் குரல் அவ்வளவு உயரம் போய்த் திரும்பியது என்று நினைக்கும் ஒவ்வொரு மாலையும் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

நவம்பர் 4

நேற்றைய முப்பத்தொன்றில் பாதிக்கு மேல் இரைச்சலில் புதைந்து கிடந்தன. அதனால் இன்று நிலையம் எதுவும் இல்லாத ஓர் அலைவரிசையில் பெட்டியை நிறுத்தி, அதைக் கையில் ஏந்தியபடி வீடு முழுவதும் நடந்தேன். கைபேசி சார்ஜரின் அருகே கரகரப்பு, கூடத்து எல்.இ.டி. விளக்கின் கீழே சீரான ரீங்காரம், இணைய மோடத்தின் மின்னிணைப்பியிடம் எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் இரைச்சல். மூன்றையும் அணைத்த பிறகு திரையில் சைகை (சிக்னல்) வலிமையைக் காட்டும் எண் குறைந்தது. சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமோ 3 டெசிபெலிலிருந்து 11-க்கு ஏறியது. வலிமை எண்ணில் இரைச்சலும் சேர்ந்தே கணக்காகிறது என்பதால், இனி அந்த இரண்டாவது எண்ணையே நம்புவேன்.

நவம்பர் 6

தொலைவில் மின்னல். மத்திய அலைப் பட்டை முழுவதும் வெடிப்பொலி நிரம்பியிருந்ததால் பத்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன்.

நவம்பர் 9

கூடுதல் ஏரியலாகப் பயன்படுத்த, பக்கத்துக்கு 45 சென்டிமீட்டர் உள்ள மரச்சட்டத்தில் எனாமல் கம்பியைப் பன்னிரண்டு சுற்று சுற்றி, பழைய டிரான்சிஸ்டர் ஒன்றிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சரை, அதாவது குமிழைத் திருப்பி அலைவரிசையை மாற்ற உதவும் மின்தேக்கியை, இரு முனைகளுக்கும் இடையே பற்றவைத்தேன். கீழ்ப்பகுதி நன்றாக வந்தது. ஆனால் கண்டென்சரை முழுவதும் திறந்தும் 1500-ஐத் தாண்ட முடியவில்லை. ஒரு சுற்றை அவிழ்த்ததும் 1602 வரை போயிற்று. 365 பிக்கோஃபாரட் கண்டென்சருக்குக் காயில் (கம்பிச்சுருள்) 250 மைக்ரோஹென்றி அளவில் இருந்தால் பட்டை முழுவதும் அடங்கும் என்பது கணக்கு. கம்பிகளுக்கு இடையே தானாக உண்டாகும் மின்தேக்கம்தான் மேல்முனையைத் தின்றுவிடுகிறது.

பெட்டிக்கும் இந்தச் சட்டத்துக்கும் இடையே ஒயர் எதுவும் தேவையில்லை. பெட்டிக்குள் ஏரியலாக இருக்கும் ஃபெரைட் தண்டு சட்டத்தின் அச்சுக்கு இணையாக அமையுமாறு ஒரு சாண் தள்ளி வைத்து, குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். காற்றின் ஓசை போன்ற வெற்றொலி சட்டென்று திரண்டு, அதனுள்ளிருந்து ஒரு பெண்ணின் செய்தி வாசிப்பு எழுந்தது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பியதும் அது மறைந்தது. பெட்டியைச் சட்டத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் இந்தக் கூர்மை கெட்டு, உச்சம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது.

நவம்பர் 11

இந்த வாரத்தின் மிகச் சிறந்த இரவு இதுதான். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா முழுவதுக்கும் மத்திய அலையில் 120 அலைவரிசைகளே இருப்பதால், இரவில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பக்கத்து நிலையத்தின் ஒலியை வடிகட்டியைச் சுருக்கி ஒதுக்கலாம். ஒரே அலைவரிசையில் நிற்பவற்றை வடிகட்டியால் பிரிக்க முடியாது, திசையால்தான் பிரிக்க வேண்டும். ஃபெரைட் தண்டு தன் பக்கவாட்டிலிருந்து வருவதை நன்றாக வாங்கும். அதன் முனை நோக்கும் திசையில் அதற்குக் காது கேட்காது. எனவே கேட்க விரும்பும் நிலையத்தைத் தேடாமல், கேட்க விரும்பாத நிலையத்தை நோக்கித் தண்டின் முனையைத் திருப்பினேன். உரத்த பாட்டு நான்கைந்து டிகிரிக்குள் அடங்கிப்போக, அதன் அடியில் எனக்குத் தெரியாத மொழியில் ஒருவர் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆனால் அந்தப் பாட்டு வானலையாக வந்ததால் அடக்கம் நிலைக்கவில்லை. தரையை ஒட்டியே வரும் தரையலையை ஒரே இடத்தில் கட்டிப்போடலாம். மேலிருந்து சரிந்திறங்கும் அலையின் போக்கோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் மடித்த துணியைச் செருகிச் சற்றே சாய்த்தபோது மறுபடியும் பாட்டு தாழ்ந்தது. நீளமான கம்பியை வெளியே கட்டினால் எல்லாமே கூடுதலாகக் கேட்கும், இரைச்சலும் உட்பட. கையால் திருப்பக்கூடிய சிறு ஏரியலையே நான் உயர்வாக மதிப்பதற்கு இந்த நாற்பது நிமிடங்கள் போதும்.

நவம்பர் 14

விடியலுக்கு முன் எழுந்தேன். இங்கே வெளுக்கத் தொடங்கினாலும் மேற்கே இன்னும் இருள் என்பதால், அத்திசை நிலையங்கள் கடைசியாக ஒருமுறை தலைகாட்டும். 11-ஆம் தேதி பாட்டின் அடியில் கேட்ட அதே குரல். சரியாக ஐந்து மணிக்கு நேரக்குறிப்பு ஒலிகள், அடுத்து நிலையத்தின் பெயர் இரண்டு முறை. ஒலிப்பதிவை மூன்று தடவை ஓடவிட்டு, பெயரைத் தமிழில் ஒலித்தபடியே எழுதி, நேரம், அலைவரிசை, கேட்ட தரம், நடுவே வந்த பாட்டில் ஒலித்த வாத்தியம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டேன். இவை இல்லாமல் நிலையத்துக்கு அறிக்கை அனுப்புவதில் பொருளில்லை. 6.14-க்குக் குரல் மெலிந்து வெற்றொலியாயிற்று.