ஒரே ஒரு தடவை, சிஸ்டர்

"ஒரே ஒரு தடவை தொட்டுப் பாருங்க சிஸ்டர். அப்புறம் கேட்கவே மாட்டேன்."

நான் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னேன்: "டாக்டர் சொன்ன தேதிக்கு வாங்க சார். அன்னைக்குப் பார்ப்பாங்க."

நடந்தது இவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

தாடைக்குக் கீழே ஒரு நெறிக்கட்டு. ஸ்கேனில் 8 மில்லிமீட்டர். நீள்வட்டம், நடுவில் கொழுப்பு தெளிவாகத் தெரிந்தது. சாதாரண நெறிக்கட்டு இப்படித்தான் இருக்கும். ஆனால் அவருடைய அக்கா லிம்போமாவில், அதாவது நெறிக்கட்டுகளில் வருகிற புற்றுநோயில், இறந்தவர். அதனால் அவர் பயத்தை நான் ஒருநாளும் கேலியாக நினைத்ததில்லை. (முழு உண்மை இல்லை. "உங்க ஆள் வந்துட்டார்" என்று கூட வேலை பார்ப்பவள் சொன்னபோது சிரித்திருக்கிறேன்.)

அதற்கு முன்னால் ஐந்து தடவை தொட்டுப் பார்த்தவள்தான் நான். முதல் தடவை "ஒண்ணுமில்லை சார்" என்றதும் பத்து நாள் நிம்மதியாக இருந்தார். அடுத்த தடவை நாலு நாள். ஐந்தாவது தடவை அன்று சாயங்காலமே போன் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை முறை அழுத்திப் பார்க்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால் அவரால் எண்ணிச் சொல்ல முடியவில்லை. அழுத்தினால் வலிக்கும், வலித்தால் பயம், பயந்தால் மறுபடி அழுத்துவார். என்னுடைய "ஒண்ணுமில்லை"யும் அதற்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது. முன்பு இதை ஹைப்போகாண்ட்ரியா என்பார்கள். அந்தச் சொல் வசவு மாதிரி ஆகிவிட்டதாலோ என்னவோ, 2013-இல் வந்த, மனநோய்களை வகைப்படுத்துகிற டிஎஸ்எம்-5 கையேட்டில் அதை எடுத்துவிட்டு நோய்ப் பதற்றம் என்கிற மாதிரியான பெயர்களை வைத்தார்கள். வரவேற்கத்தக்கதுதான். வராந்தாவில் எங்கள் பேச்சு அதனால் மாறியதாகத் தெரியவில்லை.

அதனால்தான் அந்த ஏற்பாடு. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, பயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், டாக்டர் பரிசோதிப்பார். நடுவில் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை, புது ஸ்கேனும் கிடையாது. கூடவே சிபிடி என்கிற, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பார்க்கும் பேச்சுச் சிகிச்சைக்கு உளவியல் நிபுணர். ஆகவே நான் சொன்னது சரி. இதை எத்தனையோ இரவு எனக்கே சொல்லிக்கொண்டாகிவிட்டது.

ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே இன்னொன்றும் இருந்தது. நடுவில் வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: கட்டி பெரிதாகியிருக்கிறதா, இரவில் உடை நனைகிற அளவு வியர்க்கிறதா, காரணமில்லாமல் எடை குறைந்திருக்கிறதா. நான் கேட்கவில்லை. வெளியே கூட்டம் இருந்தது. முந்தின நாள் போனில் எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். சரி, கூட்டம் என்றைக்கு இல்லை?

குறித்த தேதியில் வந்தார். கட்டி அதே அளவு. டாக்டர் வெளியே போனதும் என்னிடம் சொன்னார்: "அன்னைக்கு நீங்க தொடமாட்டேன்னதும், உங்களுக்கு ஏதோ தெரிஞ்சுபோச்சு, அதான் முகத்தைப் பார்க்காம பேசுறீங்கன்னு நினைச்சேன்."

அந்த மறுப்பு அவருக்கு நல்லதையே செய்தது என்கிறார் உளவியல் நிபுணர். போன் வருவதும் குறைந்திருக்கிறது. நம்பத்தான் ஆசை. கேட்டுப் பயனில்லை என்று எங்களிடம் மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டாரோ என்றும் தோன்றுகிறது.

போன வாரம் தேதிக்கு முன்பே வந்து நின்றார். இந்தத் தடவை நிமிர்ந்து முகத்தைப் பார்த்து மூன்றையும் கேட்டேன். மூன்றுக்கும் "இல்லை" என்றார். சொல்லும்போதே அவருடைய இரண்டு விரல்கள் சட்டைக் காலருக்குள் இருந்தன. பார்த்தேன். எதுவும் சொல்லவில்லை.