பதினைந்து கிராம் எலுமிச்சை

ஆடு மாடு வளர்ப்பவர்கள் தங்களுக்குள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஒரு தமிழ்ச் செயலியில் மூன்று வருஷமாக மாடரேட்டராக இருக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை, மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை ஷிஃப்ட். சேர்ந்த புதிதில் தரகர்கள் போடும் போன் நம்பரை அழிப்பது, சாதிச் சண்டை கிளம்பினால் கமெண்டை மூடுவது, காலை வணக்க ரோஜாப்பூக்களைத் தூக்குவது என்று பொழுது போகும். இப்போது பெரும்பாலான நேரம் ஒரே யோசனையில் கழிகிறது: இது ஆள் எழுதியதா, ஏஐ எழுதியதா?

போன மழைக்காலத்தில் ஒருவர் மாட்டுக்கு மடி வீங்கிப் பால் திரிதிரியாக வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். நாலே நிமிஷத்தில் பதில். கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், எலுமிச்சை 15 கிராம், அரைத்து மடியில் பூசவும். பிழையில்லாத தமிழ், கீழே ‘கால்நடை மருத்துவரை அணுகவும்’ என்ற பொறுப்பான வரி வேறு. நானும் ஓகே கொடுக்கத்தான் போனேன். ஆனால் அந்தப் பதினைந்து கிராம் உறுத்தியது. எலுமிச்சையை யார் சார் கிராமில் நிறுப்பார்கள், ஒரு மூடி, அரை மூடி என்றுதானே சொல்வோம்? அப்புறம்தான் பிடிபட்டது. இது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்த மரபு மருந்துதான், அளவும் அதே அளவுதான், மூன்றாவது பொருள் மட்டும் சுண்ணாம்பு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘லைம்’ என்றே பெயர். எங்கேயோ ஆங்கிலத்தில் கிடந்ததைத் தமிழாக்கும்போது சுண்ணாம்பு எலுமிச்சையாகிவிட்டது. மடிநோய்க்கு எலுமிச்சையை அறுத்து மாட்டுக்குத் தின்னக் கொடுக்கும் வழக்கமும் உண்டு என்பதால் படிக்கிறவருக்குச் சந்தேகமே வராது. வெந்துபோன மடியில் புளிப்பைத் தேய்த்தால் அந்த மாடு உதைக்காமல் என்ன செய்யும்.

பதில் போட்டவரின் கணக்கைத் திறந்தேன். ஒரே மணி நேரத்தில் கோழிக்கு வெள்ளைக் கழிச்சல், தேனீப் பெட்டி, கெண்டை மீன் தீவனம், எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொல்லியிருந்தார். நல்ல பதிலுக்குப் புள்ளி, புள்ளி சேர்ந்தால் ரீசார்ஜ் கூப்பன் என்று வைத்தது நாங்கள்தான், அவரை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? புள்ளியை நிறுத்துங்கள் என்று நானும் இரண்டு மீட்டிங்கில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்தார்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் செய்த அப்படியொரு கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் எடுத்துவிட்டது. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. ஆங்கிலத்துக்கே இந்த லட்சணம் என்றால் தமிழுக்குச் சொல்லவே வேண்டாம்.

புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் சொல்லிக்கொள்ளும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் நடந்ததை அப்போது தேடித் தேடிப் படித்தேன். சாட்ஜிபிடி வந்த ஒரே வாரத்தில், 2022 டிசம்பரில், அதன் பதில்களுக்கு அங்கே தடை போட்டார்கள். அடுத்த ஜூனில் சம்பளமே வாங்காத மாடரேட்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், ஏனென்றால் ஏஐ என்ற சந்தேகத்தில் பதிவுகளை நீக்கக் கூடாது என்று நிர்வாகம் கையைக் கட்டிவிட்டது. அப்பாவிகள் மாட்டுகிறார்கள் என்பது நிர்வாகத்தின் கட்சி, குப்பை குவிகிறது என்பது மாடரேட்டர்களின் கட்சி. படித்தபோது நான் முழுக்க மாடரேட்டர் பக்கம்தான். அந்தத் தெளிவு மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை.

ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார் (இதெல்லாம் பிறகு தெரிந்தது). ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசி பற்றி எழுதியிருந்தார். முன்னுரை, நோயின் அறிகுறிகள், தடுக்கும் முறைகள், முடிவுரை. ஒவ்வொரு தலைப்பின் கீழும் எண் போட்டு நான்கு வரி. கருவி சிவப்புக் காட்டியது, எனக்கும் அப்படியே பட்டது, தூக்கிவிட்டேன். மறுநாள் ஒரு போட்டோ அனுப்பினார். கோடு போட்ட நோட்டில் நீல மை, அதே கட்டுரை, தலைப்புகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாக் கோடு. ‘தம்பி, முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இப்படித்தான் எழுதச் சொல்லிக்கொடுத்தேன்’ என்று ஒரு வரி மட்டும். நானும் பத்தாவதில் ‘நான் விரும்பும் தலைவர்’ கட்டுரையை இதே அச்சில் வார்த்து மார்க் வாங்கியவன்தான். நம் பள்ளிக்கூடத் தமிழும் ஏஐ தமிழும் பார்க்க ஒரே சாடையாக இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பதிவை மீட்டுப் போட்டு மன்னிப்பும் கேட்டேன். அதிலிருந்து நடையைப் பார்த்து எதையும் தூக்குவதில்லை. ஒரு அக்கா போனில் பேசி, அதை ஏஐயிடம் கொடுத்துத் திருத்திப் போடுகிறார், அவர் மாட்டுக்கு நடந்ததெல்லாம் நிஜம், அது இருந்துவிட்டுப் போகட்டும். சந்தேகம் வந்தால் கமெண்டில் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் மாட்டுக்குச் செய்து பார்த்தீர்களா, எத்தனை நாளில் வீக்கம் இறங்கியது? செய்தவர் அரைப் பக்கம் எழுதுவார், கூடவே அந்த மாட்டின் பெயரையும் சொல்வார். ஒட்டிவிட்டுப் போனவர் திரும்பி வருவதே இல்லை, இரண்டு நாள் பார்த்துவிட்டு நீக்குகிறேன். மருந்து அளவு என்றால் மட்டும் காத்திருப்பதில்லை, சரிபார்க்கும்வரை மறைத்துவிடுகிறேன்.

பெரியவர் இப்போதும் எழுதுகிறார். தலைப்பு இல்லை, எண் இல்லை, எல்லாம் ஒரே பத்தி. போன வாரம் குடற்புழு நீக்கம் பற்றிய பதிவில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தார், ‘ஆட்டுக்கு’ என்பது ‘ஆட்டுகு’ என்று கிடந்தது. கைதவறி என்று நினைக்க எனக்கும் ஆசைதான்.