ஏழாவது நகர்வு

நமக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த சார் காலமான செய்தி வந்த அன்று நம் செட்டில் மூன்று பேர் வாட்ஸ்அப்பில் ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: "முதலில் மந்திரி, அப்புறம் சிப்பாய்." லைப்ரரி ஓர பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

கறுப்பில் ஆட அவர் நமக்குக் கொடுத்த தொடக்கம் பிரெஞ்சு தற்காப்பு ஒன்றுதான். வெள்ளை தன் சிப்பாயை ஈ4 கட்டத்துக்கு நகர்த்தினால் நாம் ஈ6. டி4, டி5. வெள்ளை ஈ5 தள்ளினால் உடனே சி5. "சங்கிலியை அடியில் வெட்டணும்டா" என்பார்; குறுக்கே தொடுத்து நிற்கும் டி4, ஈ5 வெள்ளைச் சிப்பாய்கள்தான் சங்கிலி. வெள்ளை சி3, நம் குதிரை சி6, வெள்ளைக் குதிரை எஃப்3, நம் ராணி பி6. நம் காய்கள் வெள்ளையின் டி4 சிப்பாயையே குறி வைத்து நிற்கும். சி8 மந்திரி மட்டும் நம் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும். தெரிந்தே ஏற்கும் தொல்லை அது.

மண்டலப் போட்டி, இரண்டாம் போர்டு. யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளையின் ஆறாவது நகர்வு மந்திரி டி3. டி4-இல் சிப்பாய்கள் வெட்டிக்கொண்டன. அங்கே நின்ற வெள்ளைச் சிப்பாயைத் தாக்க நமக்கு இரண்டு காய். காக்க எஃப்3 குதிரை ஒன்றே, ராணியின் பார்வையை டி3 மந்திரி மறைக்கிறது. சும்மா கிடைக்கிற சிப்பாய் என்று நம் பையன் குதிரையால் வெட்டினான். வெள்ளைக் குதிரை அதை வெட்ட, நம் ராணி அந்தக் குதிரையை வெட்டியது. வெள்ளை மந்திரி பி5-க்குத் தாவி செக் சொன்னது. மந்திரி விலகிய வழியில் வெள்ளை ராணி நம் ராணியைக் குறி வைத்தது; நாமோ முதலில் செக்கைத்தான் சமாளிக்க வேண்டும். ஒன்பதே நகர்வில் நம் ராணி போயிற்று.

சார் திட்டவில்லை. மறுநாள் அதே நிலையை அடுக்கி, டி3 மந்திரியை மட்டும் இரண்டு விரலால் மெதுவாகத் தூக்கினார். "இது போனா பின்னால யார் நிக்கிறா, பாரு." ஏழாவது நகர்வில் நம் மந்திரியை டி7-இல் வைத்துவிட்டால் பி5 செக்குக்கு வழியில்லை, அதன் பிறகுதான் டி4 மிரட்டல் நிஜம்.

2000-இல் டெஹ்ரானில் ஷிரோவைக் கறுப்பில் வென்று ஆனந்த் உலகப் பட்டம் பெற்ற கடைசி ஆட்டமும் பிரெஞ்சுதான். அந்த ஆட்டத்தை முழுவதும் கையால் எழுதி மஸ்கட்டுக்கு எனக்கு அனுப்பினார் சார். 1834-இல் லண்டனும் பாரிஸும் தபாலில் ஆடிய ஆட்டத்தால்தான் இதற்கு அந்தப் பெயரே வந்தது, நாமும் தபாலில் ஆடுவோம் என்று அடியில் குறிப்பு.

ஆடினோம். அவர் கறுப்பு. கடைசியாக வந்த கடிதத்தில் "7. மந்திரி டி7" என்று இருக்கிறது. வேலை, வீடு மாற்றம் என்று பதில் தள்ளிப்போய், பிறகு எழுதவே இல்லை.

எட்டாவது நகர்வு, சார்: கேஸ்லிங், ராஜாவை ஓரத்தில் பத்திரமாக வைக்கிறேன். டி4 சிப்பாயை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.