கறி வாங்குறவுக கொஞ்சம் பாத்து வாங்குங்க
காரைக்குடியில நேத்து உப்புக்கறி வைக்கலாம்னு ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்து கழுவுறேன், கையெல்லாம் வழவழன்னு ஒட்டுது, ஒரு மாதிரி புளிச்ச வாடை வேற, விரலால அமுக்குனா குழி அப்படியே நிக்குது, நல்ல கறின்னா உடனே எழும்பிரும்ல. ஆச்சி மோந்து பாத்துட்டு அடுப்புல ஏத்தாத ஆத்தான்னுட்டாக. பக்கத்து வீட்டு அக்கா மிளகா தூக்கலா போட்டு நாலு விசில் விட்டா சரியாயிரும்ங்குறாக. ஆகாதுக்கா! கிருமி செத்தாலும் சில கிருமி விட்ட விஷம் எவ்வளவு கொதிச்சாலும் போகாது. கடைக்காரர்கிட்ட கேட்டா காலைல வெட்டுனதுன்னு சாதிக்கிறாரு, பச்சப்புள்ள இருக்க வீடுங்க, மனசு ஆறவே இல்ல. போட்டோ எடுத்து உணவு பாதுகாப்புத் துறை வாட்ஸ்அப் 94440 42322க்கு அனுப்பிட்டேன், கறிய கவர்ல கட்டி தனியா ஃப்ரீசர்ல வச்சிருக்கேன், வந்து கேட்டா குடுக்கணும்ல.