உப்சாலா எனக்கு ஏன் புடிச்சுப்போச்சு

வீட்டுக்காரருக்கு இங்க, ஸ்வீடன்ல இருக்கற உப்சாலா ஊர் யுனிவர்சிட்டில, ரிசர்ச் வேலை, அதனால வந்தோம், நான் ஸ்டூடண்டும் இல்ல ஸ்டாஃபும் இல்ல. படிக்கிற பசங்க ஊர்ல உனக்கு என்ன இருக்கப்போகுது, ஸ்டாக்ஹோம்லயே வீடு பாருன்னு நெறைய பேர் சொன்னாங்க. இப்ப யாராவது என்னைய கேட்டா நேரா இங்கயே வாங்கன்னு தான் சொல்லுவேன்.

1477ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, ஊர்ல ஜனம் 2 லட்சத்துக்குள்ள தான், அந்த அளவு தாங்க விஷயமே. பஸ்ல பாத்த முகத்த லைப்ரரில பாப்போம், அப்புறம் பாத்தா எஸ்எஃப்ஐ கிளாஸ்ல, அதாவது ஸ்வீடிஷ் ஃப்ரீயா சொல்லித்தர்ற கிளாஸ், அதே ஆள் பக்கத்துல உக்காந்திருப்பாங்க, அப்புறமும் ஹேய் சொல்லாம எப்படி இருக்கறது. ஸ்வீடன்ல ஃப்ரெண்ட்ஸ் கெடைக்கிறது கஷ்டம்னு சொல்றது நெஜம் தான், ஆனா இந்த ஊர்ல வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசில புதுசா ஒரு கூட்டம் வந்து எறங்கும், அதனால புதுசா வந்தவங்கள யாரும் ஒரு மாதிரி பாக்கறதே இல்ல.

நாங்க இருக்கறது ஃப்ளோக்ஸ்டா பக்கம், அங்க ஸ்டூடண்ட்ஸ் இருக்கற உயரமான பில்டிங்ஸ். ராத்திரி சரியா 10 மணிக்கு ஜன்னல தொறந்து பசங்க எல்லாம் கத்துவாங்க, ஒரு பில்டிங்ல ஆரம்பிச்சா எதிர் பில்டிங்லேர்ந்து பதில் வரும், ஒரு ரெண்டு நிமிஷத்துல அடங்கிடும். பல வருஷமா நடக்கறதாம். டிசம்பர்ல மத்தியானம் மூணு மணிக்கு முன்னாடியே இருட்டி, நாள் முழுக்க யார்கிட்டயும் பேசாம இருந்த அன்னைக்கு அந்த சத்தம் கேட்டா எனக்கு நெஜமாவே தெம்பா இருந்துச்சு.

யுனிவர்சிட்டிக்குள்ள வேலை இல்லாதவங்களுக்கும் இங்க கதவு தொறந்து தான் இருக்கு. கரோலினா ரெடிவிவா லைப்ரரில யார் வேணா போய் உக்காந்து படிக்கலாம், ஊதா கலர் தோல்ல வெள்ளி எழுத்துல எழுதின 6ஆம் நூற்றாண்டு பைபிள் அங்க தான் இருக்கு. பொட்டானிக்கல் கார்டன்ல காசு குடுக்காம நடக்கலாம். ஏப்ரல் 30 வால்போரி, அதாவது வசந்தத்த வரவேற்கிற பண்டிகை, அன்னைக்கு காலைல ஃபீரிஸ் ஆத்துல பசங்க அவங்களே செஞ்ச தெப்பத்துல வருவாங்க, பாதி தெப்பம் கவுந்துடும், மத்தியானம் 3 மணிக்கு லைப்ரரி பால்கனிலேர்ந்து துணைவேந்தர் வெள்ளை தொப்பிய ஆட்டுனதும் கீழ நிக்கிற மொத்த கூட்டமும் தொப்பிய தூக்கி ஆட்டும், குளிர் போச்சுன்னு அவ்ளோ சந்தோஷம்.

கஷ்டமும் இருக்கு. ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ் முடிச்சு பழகினவங்க கெளம்பிடுவாங்க, ஜூலைல ஊரே காலி. எனக்கு ஸ்டாக்ஹோம்ல வேலை வந்தப்ப அங்கயே மாறிடலாமான்னு பேசினோம், ட்ரெயின்ல 40 நிமிஷம் தானே, நான் போயிட்டு வந்துக்கறேன்னு சொல்லிட்டேன். வர்றவங்களுக்கு ஒண்ணு, வாடகை வீட்டுக்கு க்யூ இருக்கு, எத்தனை நாளா காத்திருக்கோம்ங்கறத வச்சு தான் வீடு கெடைக்கும், அதனால வர்றது முடிவான அன்னைக்கே பேர பதிஞ்சு வைங்க.