குயீஸ் வீட்டு மருமகள்: சில வாசிப்புக் குறிப்புகள்

ஜூன் 3

பிரான்ஸின் மதப்போர்களைப் படிக்கத் தொடங்கினால் முதலில் குழப்புகிறவர்கள் ஹென்றிகள்தான். அரசன் மூன்றாம் ஹென்றி, கத்தோலிக்க அணியின் தலைவன் குயீஸ் ஹென்றி, புராட்டஸ்டன்ட் தரப்பில் நவார் ஹென்றி. 1562 முதல் 1598 வரை எட்டுப் போர்கள். யார் யாருக்கு மாமன், யார் மச்சான் என்று பிடிபடாமல் ஒரு பக்கமும் நகராது. அதனால் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டு படிக்கப் போகிறேன்: ஆன் தெஸ்தே. ஃபெராராவில் பிறந்தவர், பன்னிரண்டாம் லூயியின் பேத்தி. 1548இல் பிரான்சுவாவுக்கு வாழ்க்கைப்பட்டு குயீஸ் பிரபு வீட்டுக்கு வந்தார். கணவர் கத்தோலிக்கப் படைத்தலைவர். அம்மா ரெனேயோ புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வினோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர்.

ஜூன் 4

1559 ஜூலையில் இரண்டாம் ஹென்றி ஈட்டிப் போட்டியில் பட்ட காயத்தால் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனுக்கு 15 வயது. அவன் மனைவி ஸ்காட்லாந்தின் மேரி, குயீஸ் சகோதரர்களின் அக்கா மகள். அவ்வளவுதான், அரசாங்கமே அந்தச் சகோதரர்கள் கைக்குப் போய்விட்டது. போட்டிப் பிரபுக் குடும்பங்களான பூர்போன், மோந்த்மோரென்சி வீட்டார் ஓரங்கட்டப்பட்டார்கள். இந்த வீடுகளிலிருந்து கோந்தேயும் கொலின்யீயும் ஹியூகனாட்டுகளுக்கு, அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டன்டுகளுக்குத் தலைமை ஏற்றதில் விசுவாசமும் உண்டு, அவமானமும் உண்டு. இரண்டையும் பிரித்து எடைபோட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1560 மார்ச்சில் இளம் அரசனை குயீஸ்களிடமிருந்து மீட்க ஒரு சதி நடந்தது, தோற்றது. பிடிபட்டவர்களை ஆம்புவாஸ் கோட்டையின் பால்கனியிலேயே தொங்கவிட்டார்கள். அரசவைப் பெண்களும் பார்க்க வேண்டியிருந்தது. ஆன் தாங்க முடியாமல் அழுதார், இந்த ரத்தப்பழி நம் பிள்ளைகள் தலையில்தான் விழும் என்று அரசனின் தாய் கேத்தரின் தெ மெடிசியிடம் புலம்பினார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. பின்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டு யாரோ சேர்த்த வசனமாக அது இருக்கலாம். அழுகையை நம்புகிறேன்.

ஜூன் 7

ரெனேயைப் பற்றி மட்டும். 1562இல் போர் மூண்டதும் மோந்தார்ஜியில் இருந்த தன் கோட்டையில் புராட்டஸ்டன்ட் அகதிகளுக்கு இடம் கொடுத்தார். மருமகனின் ஆள் வந்து பீரங்கியைக் காட்டி மிரட்டினான். சுவர் உடைந்தால் முதலில் அங்கே நிற்பது நான்தான், ஓர் அரசன் மகளைக் கொல்ல உனக்குத் துணிவு இருக்கிறதா பார்ப்போம் என்றாராம். அதே மருமகன் இறந்தபின் புராட்டஸ்டன்ட் போதகர்கள் அவர் நரகத்துக்குத்தான் போனார் என்று பேசினார்கள். அதை எதிர்த்துக் கால்வினுக்கே கடிதம் எழுதினார். இப்படி ஒரு மாமியார்!

ஜூன் 8

1563 பிப்ரவரி 18. ஓர்லேயான் முற்றுகையில் இருந்த பிரான்சுவாவை போல்த்ரோ என்பவன் சுட்டான். ஆறு நாளில் உயிர் போனது. சித்திரவதையில் போல்த்ரோ கொலின்யீயின் பெயரைச் சொன்னான். கொலின்யீ மறுத்தார், ஆனால் மறுத்த கையோடு, இந்தச் சாவு நாட்டுக்கு நல்லது என்றும் எழுதினார். நேர்மையான மனிதர்தான். அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டிருக்கலாம்.

கறுப்பு உடையில் குடும்பத்தோடு போய் அப்போதைய அரசன் ஒன்பதாம் சார்லஸிடம் நீதி கேட்டார் ஆன். வழக்கை மூன்று வருடம் தள்ளிவைத்தார்கள். 1566 ஜனவரியில் மூலேன் நகரில் கொலின்யீ குற்றமற்றவர் என்று அறிவிப்பு வந்தது. அரசன் முன்னிலையில் ஆனும் மைத்துனரான கார்டினலும் கொலின்யீயைத் தழுவிக்கொள்ள வேண்டியதாயிற்று. மூத்த மகன் குயீஸ் ஹென்றி, பதினைந்து வயதுப் பையன், இந்தச் சமரசத்தில் ஒட்டவே இல்லை. கேத்தரின் இதைத் தன் வெற்றியாக நினைத்திருப்பார். எனக்கென்னவோ, அடுத்த ஆறு வருடத்துக்கான விதை அன்றைக்கே விழுந்துவிட்டதாகப் படுகிறது.

ஜூன் 12

1572 ஆகஸ்ட் 22இல் கொலின்யீ மேல் குண்டு பாய்ந்தது குயீஸ் குடும்பத்தோடு தொடர்புள்ள ஒரு வீட்டிலிருந்து. ஆள் பிழைத்துக்கொண்டார், ஒரு விரல் போனது. ஆனுக்கும் இதில் பங்கு உண்டு என்று சந்தேகிக்கும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 24ஆம் தேதி விடியும் முன் ஹென்றியின் ஆட்கள் கொலின்யீ இருந்த மாடிக்குப் போனார்கள், அவன் கீழே முற்றத்தில் காத்திருந்தான். ஜன்னல் வழியாக உடல் வந்து விழுந்ததும் முகத்தின் ரத்தத்தைத் துடைத்து அவர்தானா என்று பார்த்தார்கள். அப்புறம்தான் பாரிஸ் முழுக்கப் படுகொலை. தகப்பன் சாவுக்குப் பழிவாங்கியாயிற்று என்று ஹென்றி நினைத்திருக்கலாம். இதோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் அதற்காகச் செத்தார்கள். இன்று இதற்குமேல் படிக்க முடியவில்லை.

ஜூன் 15

1588 மே 12இல் குயீஸ் ஹென்றிக்கு ஆதரவாகப் பாரிஸ் தெருக்களில் தடுப்பரண்கள் எழுந்தன, அரசன் மூன்றாம் ஹென்றி தலைநகரை விட்டே ஓடினான். டிசம்பர் 23 காலை புளுவா கோட்டையில், தன் மெய்க்காவலர்களை வைத்து குயீஸ் ஹென்றியைத் தீர்த்துக்கட்டினான். மறுநாள் கார்டினலான தம்பியையும். சாம்பலை லுவார் ஆற்றில் கரைத்தார்கள். இருவருமே ஆன் பெற்ற பிள்ளைகள். அவரையும் கைதியாக்கினார்கள்.

புளுவா கோட்டை வாசலின் மேல் அவர் தாத்தா பன்னிரண்டாம் லூயி குதிரை மேல் அமர்ந்த சிலை இருக்கிறது. வெளியே கொண்டுபோகும்போது அதை நிமிர்ந்து பார்த்து, உங்கள் பேத்தியின் பிள்ளைகளைக் கொல்லவா இதைக் கட்டினீர்கள் என்று கேட்டாராம்.

ஜூன் 16

எட்டு மாதத்துக்குள் மூன்றாம் ஹென்றியும் கத்திக்குத்தில் போனான். நவார் ஹென்றி நான்காம் ஹென்றி ஆனார், 1593இல் கத்தோலிக்கரானார். ஆனின் இன்னொரு மகன் மயேன் கடைசி வரை எதிர்த்துவிட்டு 1596இல் பணிந்தபோது, பருத்த உடம்பை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கும்வரை அவரைத் தோட்டத்தில் வேகமாக நடக்கவைத்தார் அரசர். என் பழிவாங்கல் இதோடு சரி என்று சிரித்தாராம். அரியணைக்காக இவர் செய்த எல்லாவற்றையும்விட இந்தக் காரியத்துக்காகத்தான் இவரை எனக்குப் பிடிக்கிறது.

ஆன் 1607 வரை இருந்தார், 75 வயது. 1598இல் மதப்போர்களை முடித்துவைத்த நாந்த் ஆணையையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அடுத்து ரெனேயின் கடிதங்களைத் தேடிப் படிக்க வேண்டும்.