ஆடிப்பட்டத்துக்குள் எரு

ஏப்ரல் 7, 2025, திங்கள்

ஆனைமலை அடிவாரத்து ரிசார்ட் ஒன்றில் பண்ணைப் பொறுப்புக்கு வந்து இன்றோடு ஒரு வாரம். நான்கு ஏக்கர் தென்னை, முக்கால் ஏக்கர் காய்கறி, ஆறு மாடுகள். "எங்கள் தோட்டத்திலிருந்து உங்கள் தட்டுக்கு" என்று வரவேற்பறையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். தட்டில் மிஞ்சுவதெல்லாம் தோப்பின் கிழக்கு மூலையில் ஒரு குழிக்குப் போகிறது. பத்தடி நீளம், எட்டடி அகலம், ஆழம் யாருக்கும் தெரியாது. வருடக்கணக்காகக் கொட்டி, நாற்றம் வந்தால் மேலே மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். கடப்பாரையை விட்டு நெம்பினேன், அழுகின முட்டை நாற்றம். காற்றே புகாமல் ஈரக்கழிவு கிடந்தால் அப்படித்தான் நாறும்.

மேனேஜர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "எனக்கு உரம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ரூம் பக்கம் நாத்தம் வரக்கூடாது." எனக்கு இரண்டும் வேண்டும். ஆடிப்பட்டத்துக்குப் பாத்திகளில் போட வெளியிலிருந்து ஒரு லோடு எருகூட வாங்கக்கூடாது என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த வாரம் முழுக்க எடை போட்டுப் பார்த்தேன். வார நாட்களில் 55 முதல் 70 கிலோ, சனி ஞாயிறில் 130 கிலோவைத் தாண்டுகிறது. இது சமையலறைக் கழிவு மட்டும். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளின்படி எல்லாக் கழிவும் சேர்த்து நாளுக்குச் சராசரி 100 கிலோவைத் தாண்டினால் மொத்தக் கழிவு உருவாக்குவோர் பட்டியலில் வந்துவிடுவோம். மட்கும் கழிவை முடிந்தவரை சொந்த வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்கிறது அந்த விதி. மேனேஜரிடம் இதைச் சொன்ன பிறகுதான் வேலைக்கு இரண்டு ஆள் கிடைத்தார்கள்.

ஏப்ரல் 9, புதன்

மதியம் 1 மணியிலிருந்து 4 மணி வரை பாத்திரம் கழுவும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நீல ட்ரம். ஒன்றில் காய்கறிக் கழிவு, ஒன்றில் எச்சில் சோறு, ஒன்றில் பேப்பர் பிளாஸ்டிக் என்று ஏற்பாடு. உள்ளே மூன்றிலும் ஒரே சரக்குதான்: சோறு, டிஷ்யூ, பல்குத்தும் குச்சி, நூலோடும் பின்னோடும் டீ பை, கெட்சப் பாக்கெட், எலும்பு, பாதி இட்லி.

அங்கே ஒன்பது வருடமாக வேலை செய்யும் அக்கா சிரித்துவிட்டார். "தம்பி, மூணும் ஒரே நெறம். பந்தி நெரிசல்ல பசங்க எதுன்னு பார்த்தா தட்டுவாங்க? கைக்கு எது எட்டுதோ அதுல தட்டிப்போட்டு ஓடுவாங்க. படம் ஒட்டி, போர்டு மாட்டி எல்லாம் பார்த்தாச்சு."

சரி என்று இடத்தை மாற்றினோம். கைக்கு எட்டுகிற இடத்தில் ஓட்டை போட்ட தக்காளி கிரேட், அதில் இலையும் காயும் பழமும். ரசம், சாம்பார் தண்ணீர் அதிலேயே வடிந்துவிடும். சோற்றுக்குப் பச்சை வாளி. எலும்பும் இறைச்சி மிச்சமும் மூடி போட்ட வாளியில் தனியாக. அது குவியலுக்கு வராது, சிமெண்ட் தொட்டிக்குப் போகும். டிஷ்யூவுக்கு இரண்டடி தள்ளி ஒரு கூடை. கிரேட் யோசனை அக்காவுடையது.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். மாதா மாதம் ஸ்பூன் குறைகிறதாம். ஸ்டோர் கணக்கில் இடிக்கிறது என்று பரிமாறும் பையன்களின் சம்பளத்தில் பிடிக்கிறார்களாம். "யாரு கொண்டுபோய் என்ன பண்ணப் போறாங்க, நீங்களே சொல்லுங்க."

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று சித்திரை ஒன்று. தலைவாழை விருந்து, 400 இலைக்கு மேல். 190 கிலோ ஒரே நாளில். முதல் குவியலை இன்று போட்டோம். குழியில் இல்லை, மேட்டில், தரைக்கு மேலேயே. குழியில் காற்றும் போகாது, மழைத் தண்ணீரும் வெளியேறாது.

அடியில் அரை அடிக்கு நறுக்கின தென்னை மட்டை, காற்று புக. அதன்மேல் இலைக்கழிவு, காய்ந்த சருகு, கொஞ்சம் தென்னை நார்க்கழிவு, சாணிப்பால் தெளிப்பு, மறுபடி இலை. ஒரு கூடை ஈரத்துக்கு இரண்டரைக் கூடை காய்ந்தது. கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30க்கு 1 என்று இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். காயிலும் சாணியிலும் தழைச்சத்து தூக்கல், சருகிலும் மட்டையிலும் கரிமம் தூக்கல். நார்க்கழிவில் அந்த 30 என்பது 100க்கு மேல் போகும், அதனால் தனியாக விட்டால் லேசில் மட்காது. அதை மட்க வைக்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள், டன்னுக்கு 5 கிலோ யூரியா. இங்கே யூரியா வாசலைத் தாண்டக்கூடாது. எனவே நார்க்கழிவு எனக்கு ஈரத்தை உறிஞ்சும் பஞ்சு, அவ்வளவுதான்.

ஒரு தப்பு செய்தேன். முதல் அடுக்கில் வாழை இலையை முழுசாகவே விரித்துவிட்டேன். பெரியவர், இங்கே இருபது வருடமாகத் தோப்பு பார்ப்பவர், கையைப் பிடித்தார். "ஏனுங் தம்பி, கூரை வேயறீங்களா? காத்து எப்படிங்க போகும்?" எடுத்துக் கையகலத்துக்கு வெட்டிப் போட்டோம். சாயங்காலம் ஆகிவிட்டது. நாலரை அடி உயரம்.

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரவேண்டும். வந்தது. "இனி குப்பை வேகட்டும்" என்றார் பெரியவர். ரிசார்ட் ஆட்கள் குப்பை என்றால் முகத்தைச் சுளிக்கிறார்கள். இவர் காட்டுக்குக் குப்பை அடிக்கிற தலைமுறை, இவர் வாயில் அது எருவுக்குப் பெயர்.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி விடுமுறை, அறைகள் நிறைந்துவிட்டன. எனக்கோ குவியலின் சூடு தவிர வேறு நினைப்பில்லை. நடுவில் 64 டிகிரி! பெரியவர் தெர்மாமீட்டரை நம்பவில்லை. கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் விட்டு, உருவித் தொட்டுப் பார்த்து, "கை வைக்க முடியல, சரிங்க" என்றார்.

55 டிகிரிக்கு மேல் பல நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க்கிருமியும் சாகும். ஆனால் ஓரத்தில் இருப்பது வேகாது, அதனால் ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் புரட்ட வேண்டும். 15 நாளில் ஐந்து முறையாவது. 70 டிகிரியைத் தாண்ட விட்டால் வேலை செய்கிற உயிர்களே செத்துப்போகும். நாளை முதல் புரட்டல்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டாவது புரட்டல். 59 டிகிரி. நாற்றம் இல்லை. மயில்கள் வந்து ஓரத்தைச் சீய்க்கின்றன, விருந்தினர் படம் எடுக்கிறார்கள்.

மே 4, ஞாயிறு

கோடை விடுமுறைக் கூட்டம். இளநீர்க் கூடுதான் இப்போது தலைவலி, நாளுக்கு நூறு விழுகிறது. முழுசாகப் போட்டால் வருடமானாலும் கிடக்கும், உள்ளே தண்ணீர் தேங்கிக் கொசுவும் வரும். மட்டை அரைக்கும் இயந்திரத்தில் விட்டால் ஈர நார் சுற்றி பிளேடு நின்றுவிடுகிறது. நான்காகப் பிளந்து இரண்டு வாரம் வெயிலில் காயவைத்து அப்புறம் அரைக்கிறோம்.

நீச்சல்குளத்துக் கடையில் "மட்கும்" என்று எழுதிய ஸ்பூன், கப் கொடுக்கிறார்கள். 18 நாளாக ஒரு ஸ்பூனைக் குவியலின் நடுவில் நூல் கட்டி வைத்திருந்தேன். இன்று உருவினேன். லேசாக வளைந்திருந்தது. எழுத்துகூட அழியவில்லை. இந்த வகை பிளாஸ்டிக் பெரிய ஆலைகளில், வாரக்கணக்கில் விடாமல் 58 டிகிரி சூட்டில் மட்குகிறதா என்று சோதித்து முத்திரை குத்தப்படுவது. ஏறி இறங்குகிற சூடுள்ள தோப்புக் குவியலுக்கு அந்த முத்திரை பொருந்தாது. மரக்கரண்டி வாங்கச் சொல்லி எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

மே 13, செவ்வாய்

ஞாயிறு ஒரு கல்யாணம். இரவு 11 மணிக்கு யாரோ ஒரு ட்ரம் பாயசமும் இரண்டு அண்டா பிரியாணியும் இரண்டாவது குவியலின் தலையில் அப்படியே கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அன்று விடுமுறை. எலும்பு உட்பட எல்லாம் உள்ளே. நேற்று இரவு காட்டுப்பன்றிகள் வந்து குவியலை இருபதடிக்கு இறைத்துவிட்டன. பன்றியோடு போனால் பரவாயில்லை. மலை அடிவாரம், வாசனை பிடித்து யானை வந்தால் தோப்பே போய்விடும்.

காலையிலிருந்து சோற்றுக்கட்டியை உடைத்து, எலும்பு பொறுக்கி, அரைத்த மட்டை கலந்து மறுபடி கட்டினோம். சோறு கட்டியாகவே கிடந்தால் காற்று போகாது, புளித்து நாறும். மேனேஜர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டுப் போனார். இனி விருந்து நாளில் அக்காவுக்கு விடுமுறை கிடையாது என்று முடிவானது. அவர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. அவருக்கு இரட்டைப்படி வாங்கிக்கொடுக்காமல் விடமாட்டேன்.

மே 26, திங்கள்

ஜூன் முதல் வாரம் மழை என்று தார்ப்பாய்க்கு ஆர்டர் கொடுத்திருந்தேன். 24ஆம் தேதியே கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது, வழக்கத்துக்கு எட்டு நாள் முன்பு. 2009க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்ததில்லையாம். நேற்றும் இன்றும் கோவைக்கும் நீலகிரிக்கும் ரெட் அலர்ட். தார்ப்பாய் இன்னும் பொள்ளாச்சியில் கடையில் இருக்கிறது.

மூன்றாவது குவியல் 61லிருந்து 36க்கு இறங்கிவிட்டது. அடியிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் ஓடுகிறது, சத்தெல்லாம் அதில்தான் போகிறது. தென்னங்கீற்று முடைந்து போர்த்தினோம். சுற்றி வாய்க்கால் வெட்டி, தண்ணீரை இரண்டு தென்னையின் அடிக்குத் திருப்பிவிட்டோம். முதல் குவியல் வெந்து முடிந்து ஆறிக்கொண்டிருந்ததால் கொட்டகைக்குள் மாற்றியிருந்தோம், தப்பித்தது.

ஜூன் 12, வியாழன்

தோப்பில் நான்கு இளம் தென்னைகளில் விரிந்த ஓலை விசிறியைக் கத்தரித்தாற்போல் இருக்கிறது. காண்டாமிருக வண்டு. குருத்து விரியாமல் இருக்கும்போதே துளைத்துத் தின்றுவிடும். ஓலை விரிந்த பிறகுதான் வெட்டு நமக்குத் தெரியும்.

பெரியவர் நேராகப் பழைய குழிக்குப் போனார். ஏப்ரலில் மூடி வைத்துவிட்டு மறந்துபோன அதே குழி. இரண்டடி தோண்டினதும் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், வளைந்து சுருண்டு. ஒரு மண்வெட்டிக்கு ஐந்தாறு. என் குவியல்களில்தான் வந்ததோ என்று பயந்து அவற்றையும் கலைத்தேன். சூடான குவியலில் ஒன்றுமில்லை, இந்தச் சூட்டில் அது பிழைக்காது. கொட்டகையில் மூன்று புழு கிடைத்தன, அவற்றைத் தரையில் விட்டதும் முதுகைக் கீழே வைத்து ஊர்ந்தன. அவை வேறு வண்டு, மட்கினதைத் தின்று எருவாக்குகிற சாதி. காண்டாமிருக வண்டின் புழு ஒருக்களித்துக் கிடக்கும்.

குழியைக் காலி செய்யாமல் விட்டது என் சோம்பல்தான். நாற்றம் நின்றதும் அதை மறந்தேன். காண்டாமிருக வண்டின் புழுப்பருவமே மூன்று மாதத்துக்கு மேல், அத்தனை நாளும் நான் பத்தடி தள்ளி நின்று தெர்மாமீட்டர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டபோது புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சையைக் குழியில் கலக்கச் சொன்னார்கள். கையால் பொறுக்கினது 212. மாட்டுக்கொட்டகைக் கோழிகளுக்கு விருந்து.

ஜூன் 28, சனி

குழியில் விட்டுவைத்த புழுக்களில் பாதிக்கு மேல் விறைத்துப் பச்சைப் பொடி பூத்துக் கிடக்கின்றன. பூஞ்சை பிடித்துவிட்டது. தோப்பில் ஏழெட்டு இடத்தில் மண்சட்டி வைத்து, 5 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கு என்று ஊறவைத்திருக்கிறோம். வாசனைக்கு வந்து விழுந்த வண்டு இதுவரை 19.

அக்காவுக்கு இரட்டைப்படி இந்த மாதச் சம்பளத்தில் சேரும்.

ஜூலை 13, ஞாயிறு

முதல் குவியலைச் சலித்தோம். ஏறக்குறைய 1,100 கிலோ போட்டது, 390 கிலோ வந்தது. மழை மண் வாசனை, கையில் ஒட்டவில்லை. சல்லடையில் நின்ற மட்டைத் துண்டுகள் அடுத்த குவியலின் அடிக்குப் போகும், பாலுக்கு உறைமோர் மாதிரி. போன வாரமே ஒரு தட்டில் இந்த எருவும் ஒரு தட்டில் தோட்ட மண்ணுமாகப் பச்சைப்பயறு போட்டிருந்தேன். எருத் தட்டில் 20க்கு 19 முளைத்து நேராக நிற்கிறது. பக்குவமாகாத எரு என்றால் வேர் கருகியிருக்கும்.

சல்லடையில் வேறொன்றும் நின்றது. எவர்சில்வர் ஸ்பூன். முதலில் இரண்டு, அப்புறம் கொத்தாக. சாயங்காலத்துக்குள் 31. எல்லாம் எச்சில் இலையோடு மடங்கி வந்தவை. பெரியவர் வரிசையாகத் தார்ப்பாயில் அடுக்கி வைத்துவிட்டு, "இதுக்கு என்ன உரம் போட்டீங்க தம்பி, நல்லா காய்ச்சிருக்கு" என்றார்.

பழைய குழியில் எத்தனை இருக்குமோ.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காலையில் ஏழு பாத்திகளில் வெண்டையும் அவரையும் கொத்தவரையும் ஊன்றினோம். பாத்திக்கு 40 கிலோ எரு. வெளியிலிருந்து ஒரு லோடும் வாங்கவில்லை.

ஸ்பூன்களை அக்கா புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஸ்டோருக்கு எடுத்துப்போனார். பையன்களிடம் பிடித்த பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி மேனேஜரிடம் நானும் போய் நின்றேன். இரண்டு மாதத்துப் பிடித்தம் திரும்பி வந்தது, முந்தையது "பார்க்கலாம்" என்ற நிலையில் இருக்கிறது. ஸ்டோர்காரர் ஸ்பூனை வாங்கிக்கொள்ளவில்லை. கணக்கிலிருந்து கழித்தாகிவிட்டதாம், திரும்பச் சேர்த்தால் தணிக்கையில் கேள்வி வருமாம்.

இப்போது 31 ஸ்பூனும் நாற்றங்காலில் இருக்கின்றன. குழித்தட்டில் எரு நிரப்ப அந்த அளவு அச்சாகச் சரியாக இருக்கிறது, குழிக்கு ஒன்றரை ஸ்பூன். கத்தரி நாற்றுக்கு நாளை விதை போட வேண்டும்.